நசீர் எடுத்த வல்லூறு

பறவைகளை அடையாளம் காணும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். என்னிடம் வருகிறவர்கள் பொதுவாகக் கேட்பது இறகு, அலகு, கால் நிறம் பற்றித்தான். அதற்கெல்லாம் இப்போது நல்ல புத்தகங்கள் இருக்கின்றன. எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒன்றைச் சொல்லலாம் என்று வந்தேன். இன்னொருவர் எடுத்த படத்தைப் பார்த்து வயிறு எரிகிறபோது, அந்தப் படத்தைப் பற்றி நாம் எப்படித் தீர்ப்புச் சொல்வது? உங்களுக்கு அப்படியெல்லாம் வராது என்று நினைக்காதீர்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு வராமல் இருக்காது.

எண்பதுகளின் பிற்பகுதியில் கிழக்குத் தாம்பரத்தில், ஒரு பழைய ஓட்டு வீட்டில் நடந்துவந்த சிறிய இயற்கை ஆய்வு மையத்தில் நான் வேலை பார்த்தேன். பறவை பார்க்கிறவர்கள் அனுப்பும் படங்களைப் பார்த்து, இது இன்ன பறவை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. மையத்தில் பதப்படுத்திய பறவை உடல்கள் அடுக்கிய ஓர் அலமாரி இருந்தது. அதைத் திறந்தால் பாச்சை உருண்டை நெடி மூக்கைத் துளைக்கும். அந்த இழுப்பறைகளில் படுத்திருந்த ஒவ்வொரு பறவையும் எனக்கு மனப்பாடம். வயிற்றுக் கோடு, கன்னப் பொட்டு, வால் நுனி எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். செத்த பறவை என்றால் என்னை யாரும் அசைக்க முடியாது.

உயிரோடு பறக்கிறது வேறு கதை. இனம் எது என்று சொல்லிவிடலாம். ஒரே இனத்துக்குள் எந்த உட்பிரிவு, அதாவது எந்தத் துணையினம் என்று கேட்டால்தான் சிக்கல். பறவை நமக்காக நின்று வயிற்றைக் காட்டாது. இறக்கை கன்னத்தை மறைக்கும், நிழல் கழுத்தை விழுங்கும், கீழே செம்மண் இருந்தால் அதன் சிவப்பு நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பள்ளிக்கரணையில் குப்பை கொட்டும் இடத்துக்கு மேலே சுற்றும் பருந்துகளை ஒரு குளிர்காலம் முழுக்க ஒருவர் படமெடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தார். ஒவ்வொன்றும் வடக்கிலிருந்து வந்த கருங்காதுப் பருந்து என்ற துணையினம்தான் என்று அவருக்கு நிச்சயம். நான் 'பருந்து' என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்புவேன். கடைசியில் அவர் கோபித்துக்கொண்டு கொக்குப் பக்கம் போய்விட்டார். அவர்மேல் எனக்குப் பொறாமை ஒன்றும் கிடையாது. அதனால் அந்தத் தீர்ப்புகள் சுலபமாக இருந்தன.

பொறாமை நசீர்மேல்தான்.

நசீருக்குக் குரோம்பேட்டைக்குப் பக்கத்தில் நாகல்கேணியில் ஒரு டேனரி. தோல் பதனிடும் குடும்பம். வயதில் என்னைவிட இளையவர். ஒரு நாள் யாரோ அழைத்துவந்து வேடந்தாங்கலைக் காட்ட, பறவைப் பைத்தியம் பிடித்துவிட்டது. சிங்கப்பூரிலிருந்த பெரியப்பா மகனிடம் சொல்லி, முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ் வரவழைத்திருந்தார். எங்கள் மையத்தில் இருந்த கேமராவில் மரத்தைத்தான் எடுக்கலாம், மரத்தின்மேல் இருக்கும் பறவையை எடுக்க முடியாது. அதற்கும் ஃபிலிம் ரோல் வேண்டுமென்றால் டைரக்டர் சாரிடம் போய் நிற்க வேண்டும்.

பல்லாவரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கல்குவாரி மலை இருந்தது. பாதி மலையை வெட்டியாயிற்று. மேற்குப் பக்கம் மட்டும் செங்குத்தான பாறை முகம் மிச்சம். அங்கே ஒரு வல்லூறு இருப்பதாகக் குவாரி லாரிக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். நான்கு குளிர்காலம் அந்த மலைக்குப் போனேன். மீட்டர் கேஜ் ரயிலைப் பிடித்து, பல்லாவரத்தில் இறங்கி, வெயிலில் நடந்து, முள்ளில் புடவை கிழிந்து, பைனாகுலரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரே ஒரு தடவை, வெகு உயரத்தில், ஒரு புள்ளி. அவ்வளவுதான்.

நசீர் ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் பழைய தையல் மெஷின் ஒன்று பார்க்கப் போனார். மெஷின் பிடிக்கவில்லை. பொழுது இருக்கிறதே என்று மைத்துனரோடு மலைப்பக்கம் ஸ்கூட்டரை விட்டார். வல்லூறு அவர் தலைக்கு மேலே வந்து திரும்பியது. எடுத்துவிட்டார்.

ஃபிலிமைக் கழுவி, ஒவ்வொரு படமும் சட்டமிட்ட ஸ்லைடாக வந்ததும் நேரே என் மேசைக்குத்தான் வந்தார்.

“மேடம், கொஞ்சம் பாருங்க. இன்னா பறவைன்னு எனக்குத் தெர்ல. சைஸ் காக்கா மாதிரிதான் கீது. ஆனா அது போன போக்கு இருக்கே, அப்பா!”

விளக்குப் பெட்டிமேல் ஸ்லைடை வைத்து உருப்பெருக்கிக் கண்ணாடியை அதன்மேல் இறக்கினேன். இறக்கையை விரித்து, வாலை விசிறியாக்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்புகிறது. நகம்கூடத் தெரிகிறது. நெஞ்சு தொடங்கிக் கால்வரை செங்கல் தூள் பூசியது போல நிறம். கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே இருந்தேன். எடுத்தால் என் முகம் அவருக்குத் தெரிந்துவிடும்.

“பொரி வல்லூறு” என்றேன்.

“நல்ல பறவையா மேடம்?”

அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் நினைவிருக்கிறது. நல்ல பறவையா என்றுகூடத் தெரியாத ஒருவருக்கு அது தலைக்கு மேலே வந்து திரும்பியிருக்கிறது.

பொரி வல்லூற்றில் இரண்டு துணையினங்கள் நம் பக்கம் தென்படும். ஒன்று ஷாஹீன். இங்கேயே வாழ்வது, பாறை முகங்களில் முட்டையிடுவது. அடிப்பகுதி செம்பழுப்பு, தலையில் முக்காடு போட்டாற்போல் முழுக் கறுப்பு. இன்னொன்று வடக்கே பனிப்பிரதேசத்திலிருந்து குளிருக்கு வந்து போகிற விருந்தாளி. அதன் அடிப்பகுதி வெள்ளை, மெல்லிய குறுக்குக் கோடுகள். வெள்ளைக் கன்னத்தில் மீசை போல ஒரு கறுப்புப் பட்டை.

எங்கள் டைரக்டர் சார் நல்ல மனிதர், அவசரக்காரர். ஸ்லைடைப் பார்த்ததும் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார்.

“ஷாஹீன்! ஸ்டெல்லா, இது ஷாஹீன்மா!”

நசீர் சிரித்தார். “எங்க வூட்ல ஒரு ஷாஹின் கீறா சார். என் பொண்ணு. மலைல இன்னொண்ணா?”

டைரக்டரின் சந்தோஷத்துக்குக் காரணம் இருந்தது. மிச்சமிருந்த மேற்கு முகத்தையும் வெட்ட அனுமதி கேட்டுக் குவாரிக்காரர்கள் மனுப் போட்டிருந்தார்கள். ஆட்சேபம் சொல்ல எங்களை மாவட்ட அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். குளிருக்கு வந்துபோகும் பறவை என்றால் அதற்கு வேறு மலை கிடைக்கும் என்று சொல்லிவிடுவார்கள். அங்கேயே கூடு வைக்கும் ஷாஹீன் என்றால் அந்தப் பாறை அதன் வீடு. பேச இடமிருக்கிறது. விசாரணை அடுத்த வாரம்.

“ஒரு கையெழுத்துதான்மா. போட்டுக் குடுத்துடு.”

“நாளைக்குச் சொல்றேன் சார். நசீர், முழு ரோலையும் குடுக்க முடியுமா?”

“இந்தாங்க, எல்லாம் இதுலதான் கீது” என்று டப்பாவை அப்படியே நீட்டினார். எதற்கு என்று கேட்கவில்லை.

நான் எதற்குக் கேட்டேன்? ஏதாவது குறை கிடைக்காதா என்றுதான். நல்ல எண்ணம் எதுவும் அந்த நேரத்தில் என்னிடம் இல்லை. அவர் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு ஸ்லைடாகப் பார்த்தேன். சந்தையில் தையல் மெஷின். ஸ்கூட்டர். வல்லூறு. அதற்கு அடுத்த படத்தில் அவருடைய மைத்துனர், பாறைமேல் இடுப்பில் கை வைத்து நிற்கிறார். ஜிப்பா போட்டிருக்கிறார். அந்த ஜிப்பாவின் நிறம் செங்கல் தூள்.

மறுநாள் நசீர் வந்ததும் கேட்டேன். “உங்க மைத்துனர் காவி ஜிப்பாவா போடுவாரு?”

“காவியா? இன்னா மேடம், அவன் வெள்ளையத் தவிர வேற கலரே தொட மாட்டான்.”

அங்கே முடிந்தது விஷயம். சாயங்கால வெயில், கீழே செம்மண், டப்பாவின் தேதிப்படி காலாவதி ஆகப்போகிற ஃபிலிம். மூன்றும் சேர்ந்து வெள்ளையையே செம்பழுப்பாக்கியிருந்தன. அந்த நெஞ்சை வைத்து ஷாஹீன் என்று எழுதினால், மைத்துனரையும் ஷாஹீன் என்றுதான் எழுத வேண்டும். தலையைப் பார்க்கலாம் என்றால், தூக்கிய இறக்கையின் நிழல் கன்னத்தை மூடியிருந்தது. முக்காடா மீசையா என்று தெரியவில்லை. 'பொரி வல்லூறு, துணையினம் சொல்ல இயலாது' என்று எழுதி டைரக்டரிடம் கொடுத்தேன்.

அவர் படித்தார். ஜிப்பாப் படத்தையும் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“ஸ்டெல்லா, மனசுல கை வச்சுச் சொல்லு. வேற யாராவது எடுத்திருந்தா இவ்ளோ தோண்டியிருப்பியா?”

நான் ஸ்லைடுகளை டப்பாவில் அடுக்கத் தொடங்கினேன்.

“நீ நாலு வருஷமா அந்த மலைக்குப் போற. எனக்குத் தெரியும். அவன் ஒரு நாள் போனான், எடுத்துட்டான். அது உனக்குத் தாங்கல. இதனால மலை போயிடும்மா.”

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. நான் எழுதியதிலும் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருந்தால் ஒரு மனுஷி என்ன செய்வாள்? எழுதியதைத் திருப்பி வாங்காமல் வீட்டுக்கு வந்தேன்.

என் கணவர் தாம்பரம் ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். பறவை பற்றி ஒன்றும் தெரியாது, கேட்கவும் மாட்டார். அன்று சோறு போடும்போது நானே எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே கேட்டார்.

“அந்தப் படம் உன்னுதா இருந்தா இன்னா எழுதியிருப்ப?”

கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். பதில் எனக்குத் தெரிந்துவிட்டது. நான் எடுத்த படமாக இருந்தால் அடுத்த ஸ்லைடைப் பார்த்திருக்கவே மாட்டேன். முதல் பார்வையிலேயே ஷாஹீன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டு இருந்திருப்பேன். என் பொறாமைதான் அந்த ஜிப்பாவைக் கண்டுபிடித்தது. ஆசை கண்டுபிடித்திருக்காது.

தோழர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். பொறாமை இருக்கிறது என்பதற்காக நீங்கள் கண்ட குறை இல்லாமல் போய்விடாது. அதே சமயம், குறையைக் கண்டுபிடித்ததோடு உங்கள் வேலையும் முடிந்துவிடாது. 'சொல்ல இயலாது' என்று எழுதினேனே, அதை எழுதும்போது என் மனசு 'ஷாஹீன் இல்லை' என்றுதான் படித்துக்கொண்டிருந்தது. இரண்டும் ஒன்றல்ல. அந்த வித்தியாசத்தை என் கணவருடைய ரச சாதத்துக்கு எதிரில் உட்கார்ந்துதான் கற்றேன்.

காலையில் நாகல்கேணிக்குப் போனேன். ஊறிக்கொண்டிருந்த தோல்களின் வாடைக்கு நடுவில், அலுவலக அறையில் நசீர் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். ஜிப்பாவை, நிழலை, நான் எழுதியதை.

“அப்ப நான் எடுத்தது இன்னான்னே தெர்லன்றீங்க.”

“ஆமா. ஷாஹீனா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.”

அவர் முகம் சுருங்கியது. மேசைமேல் கிடந்த தோல் துண்டை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

“டைரக்டர் சார் சொன்னாரு, உங்களுக்கு…” என்று தொடங்கி நிறுத்தினார். “சரி, அத உடுங்க. சாயங்கால வெயில்தானே பேஜாரு? ஞாயித்துக்கெழம குவாரில வெடி கெடையாது. உச்சி வெயில்ல போயிப் பாத்துட்டா?”

“நானும் வர்றேன்.”

“நீங்க வராம எப்டி மேடம்? எனக்கு இன்னா தெரியும்?”

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேரே ரயிலேறினேன். பல்லாவரம் ஸ்டேஷன் வாசலில் நசீர் நின்றிருந்தார். கூடவே மைத்துனர், வெள்ளை வெளேரென்று.

“மச்சானையும் கூட்டிகினு வந்தேன் மேடம். அதே ஜிப்பா. பறவைய எடுக்கறதுக்கு முன்னால ஒரு தபா இவன எடுத்துடறேன். வெள்ளை வெள்ளையா உழுதா பாத்துக்கலாம்.”

இந்த யோசனை எனக்கல்லவா வந்திருக்க வேண்டும்? அதற்கும் எரிந்தது.

பாறை முகத்துக்கு எதிரே, வெட்டிப்போட்ட கற்களின் நடுவில் உட்கார்ந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. மைத்துனர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டார். நசீர் லென்ஸை மடியில் கிடத்தி, தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளிவைத்தார். வெகுநேரம் மலைப்புறாக்களைத் தவிர எதுவும் வரவில்லை.

வல்லூற்றை முதலில் பார்த்தது நான்தான். வடக்கிலிருந்து, விமான நிலையப் பக்கமிருந்து, நிதானமாக இறக்கை அடித்து வந்தது. பைனாகுலரில் பிடித்தேன். அடிவயிறு வெள்ளை. கன்னம் வெள்ளை. அதில் தெளிவாக ஒரு மீசை.

விருந்தாளி. ஷாஹீன் இல்லை.

மலை போகிறது என்று நான் நினைக்கவில்லை. நசீரின் ஷாஹீன் போயிற்று என்றுதான் நினைத்தேன். நெஞ்சுக்குள் சில்லென்று ஒரு சந்தோஷம் ஓடியது. “நசீர், அதோ!” என்றேன். என் குரலில் இருந்த உற்சாகத்தை அவர் பறவைக்கானது என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

அவர் லென்ஸைத் தூக்குவதற்குள் பாறை முகத்திலிருந்து ஏதோ கல் விழுந்தது போல இருந்தது. கல் இல்லை. இன்னொரு வல்லூறு. தலை முழுக் கறுப்பு, நெஞ்சு உச்சி வெயிலிலும் செம்பழுப்பு. கிறீச்சென்று கத்திக்கொண்டு நேரே விருந்தாளியின்மேல் பாய்ந்தது. அது புரண்டு நகத்தைக் காட்டியது. இரண்டும் எங்கள் தலைக்கு மேலே சுழன்றன. நசீரின் கேமரா சடசடவென்று ஓடியது. வெள்ளைப் பறவை தப்பித்து வடக்கே போக, கறுப்புத் தலை திரும்பி வந்து பாறையில் ஒரு பொந்துக்கு அருகில் உட்கார்ந்து இறகை உதறியது.

“ரெண்டு பறவையா மேடம்?” நசீருக்கு மூச்சு வாங்கியது. “சண்டைதான் பாத்தேன். ரெண்டும் ஒண்ணுதானே?”

அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. மைத்துனர் அப்போதுதான் எழுந்து துண்டைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த மலையில் அந்தக் கணத்தில், பார்த்தது என்ன என்று தெரிந்த ஒரே ஆள் நான். அவர் எடுத்த படம் எப்படி விழுந்திருக்குமோ, யாருக்குத் தெரியும்? நான் வாயைத் திறக்காவிட்டால் நசீரின் ஷாஹீன் அங்கேயே செத்துப்போகும். அப்படி ஒரு நினைப்பு வந்தது என்பதை மறைக்கவில்லை. வந்தது, போய்விட்டது.

“இல்ல. ரெண்டும் வேற வேற. போனது விருந்தாளி. அங்க உக்காந்திருக்கே, அது ஷாஹீன். வீட்டுக்காரி. வூட்டு வாசல்ல நிக்காதேன்னு தொரத்திட்டா.”

நசீர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கேட்டார்.

“அப்ப அன்னிக்கு நான் எடுத்ததுல இருக்கறது யாரு?”

“தெரியாது நசீர். இனிமேலும் தெரியாது.”

இன்றுவரை தெரியாது. அதைவிட அழகான வல்லூறு படத்தை நான் பார்த்ததில்லை. அது எந்த வல்லூறு என்று சொல்ல எனக்கு வழியுமில்லை.

புது ஸ்லைடுகள் விசாரணைக்கு முதல்நாள் வந்தன. மைத்துனரின் ஜிப்பா ஜிப்பாவாகவே வெளுத்திருந்தது. ஒரு படத்தில் இரண்டு பறவைகளும் ஒன்றை ஒன்று பார்த்து நகம் நீட்டியிருந்தன. ஒன்று வெளுப்பு, ஒன்று செம்பழுப்பு, ஒரே வெயில், ஒரே ஃபிலிம். அதில் கையெழுத்துப் போட எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பழைய படத்துக்கு எழுதியதை மாற்றவில்லை.

டைரக்டர் சாருக்கு மனசு கேட்கவில்லை. பழைய படம்தான் அழகு என்று அதைப் பெரிதாக அச்சிட்டு விசாரணைக்கு எடுத்துவந்துவிட்டார். அதிகாரியின் மேசையில் அதை விரித்ததும், குவாரித் தரப்பில் வந்திருந்தவர் எட்டிப் பார்த்தார்.

“சாயங்காலம் எடுத்த படம் சார் இது. சாயங்கால வெயில்ல என் வேட்டிகூடத்தான் செவப்பாத் தெரியும். இத வச்சுகினு இங்கதான் கூடு கட்டுதுன்னு சொல்றாங்க.”

டைரக்டரின் முகம் வெளுத்தது. அதிகாரி எங்களைப் பார்த்தார். நான் எழுவதற்குள் நசீர் எழுந்துவிட்டார்.

“அவரு சொல்றது கரெக்ட் சார். அந்தப் படத்த நம்ப முடியாது. நான்தான் எடுத்தேன், நானே சொல்றேன். மொதல்ல இத நம்ப முடியாதுன்னு சொன்னது இந்த மேடம். எல்லாரும் அவங்க மேல கோவப்பட்டோம். நானும்தான். அவங்க சொன்னதாலதான் திரும்பப் போயி உச்சி வெயில்ல எடுத்தோம். இதப் பாருங்க. இது எங்க மச்சான், வெள்ளை ஜிப்பா. இது பறவ, செவப்பு. இனிமே கேளுங்க சார்.”

அதிகாரி ஜிப்பாவையும் பறவையையும் மாறிமாறிப் பார்த்தார். குவாரிக்காரரிடமும் நீட்டினார். அவர் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

மேற்கு முகத்துக்கு அந்த ஆண்டு அனுமதி கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டும் கேட்டார்கள், அப்போதும் கிடைக்கவில்லை. பிறகு கீழே தோண்டிய பள்ளத்தில் ஊற்று பொங்கித் தண்ணீர் நிறைந்து, குவாரியே நின்றுபோயிற்று. ஷாஹீன் அங்கே குஞ்சு பொரித்ததை நசீர்தான் முதலில் படமெடுத்தார். வேறு யாருக்குக் கிடைக்கும்?

அன்று விசாரணை முடிந்து வெளியே வந்ததும் நசீர் எதிர்க்கடையில் டீ சொன்னார். டைரக்டர் சார் என் பக்கம் பார்க்காமல் டீயை ஊதிக்கொண்டிருந்தார். நசீர் கிளாஸை என் கையில் கொடுத்தபடி சொன்னார்.

“மேடம், இனிமே என் ரோல் எதுவானாலும் நீங்கதான் மொதல்ல பாக்கணும். நல்லாக்கீதுன்னு சொல்றதுக்கு எனக்கு ஊரு முழுக்க ஆளு இருக்காங்க.”

“பாக்கறேன்” என்றேன்.

அவர் லென்ஸ்மேல் எனக்குப் பொறாமை இருந்தது. அவர் அதிர்ஷ்டத்தின்மேல் இருந்தது. தலைக்கு மேலே வந்து திரும்பிய அந்தப் பறவைமேல் இருந்தது. இவை எல்லாம் எனக்குப் பழகிப்போன எரிச்சல்கள், அவற்றோடு வேலை செய்யக் கற்றுக்கொண்டிருந்தேன். ஆனால், தன்னுடைய மிகச் சிறந்த படத்தை எல்லார் முன்னாலும் நம்ப முடியாது என்று சொல்லிவிட்டு, அதே சிரிப்போடு எனக்கு டீ வாங்கிக் கொடுக்கிற அந்த மனசு? அது என் படமாக இருந்திருந்தால் நான் எழுந்திருக்கவே மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

டீ நன்றாகத்தான் இருந்தது. அன்றைக்கு எரிந்த மாதிரி எனக்கு வேறு எப்போதும் எரிந்ததில்லை.